தோற்றவர்களின் கதை

வென்றவரின் பெயரை வரலாறு கல்லில் பொறிக்கிறது. தோற்றவரை ஓரிரு வரிகளில் கடந்து செல்கிறது. தோற்ற மனிதரின் உள்ளத்தில் என்ன நிகழ்ந்தது என்று கேட்கும் பொறுப்பை இலக்கியமும், பின்னர் திரைப்படமும் ஏற்றுக்கொண்டன. இதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நமது புதுச்சேரியே தோற்ற மனிதர்களின் நினைவைச் சுமந்து நிற்கும் நகரம்.

கடற்கரைச் சாலையின் தென்பகுதியில் நிற்கும் டூப்ளேயின் சிலையை அறியாதார் இல்லை. அவர் 1742இல் இந்நகரின் ஆளுநரானார். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1748இல் புதுச்சேரியைச் சூழ்ந்த ஆங்கிலேயரின் முற்றுகை முறியடிக்கப்பட்டது. தென்னகத்து அரசர்களும் நவாபுகளும் அவர் முகம் பார்த்து நின்ற காலம் அது. ஆனால் 1754இல் அவர் திருப்பி அழைக்கப்பட்டார். கும்பெனிக்காகச் செலவிட்ட தம் சொந்தப் பணத்தைக் கேட்டு வழக்காடியே எஞ்சிய ஆண்டுகளைக் கழித்தார். 1763இல் பாரீசில் வறுமையுற்று மறைந்தார். அவருக்குச் சிலை எழுந்ததோ 1870இல், அவர் கண்மூடி நூறாண்டுகளுக்கும் பின்னர்.

இந்நகரில் ஒரு வீதிக்கு லல்லி தொலாந்தாலின் பெயர் வழங்குகிறது. நீண்ட முற்றுகைக்குப் பின், 1761 ஜனவரியில் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த தளபதி அவர். ஒரு பேரரசின் தோல்விக்கு ஒரு மனிதர் பழி சுமக்க வேண்டியிருந்தது. 1766இல் பாரீசில் அவர் தலை வெட்டப்பட்டது. வொல்தேரும் லல்லியின் மகனும் விடாது போராடியதன் பயனாக, 1778இல் அத்தீர்ப்பு தள்ளுபடி செய்யப்பட்டது. பழி நீங்கியது, போன உயிர் மீளவில்லை.

மூன்றாமவர் ஆனந்தரங்கப் பிள்ளை. டூப்ளேயின் தலைமைத் துபாசியாக விளங்கி, 1736 முதல் கால் நூற்றாண்டுக் காலம் நாட்குறிப்பு எழுதியவர். டூப்ளே சென்றபின் அவருடைய செல்வாக்குச் சரிந்தது, பதவியும் பறிபோனது. நகரம் வீழ்ந்த அதே 1761 ஜனவரியில் அவரும் காலமானார்.

இந்த நாட்குறிப்பை மூலமாகக் கொண்டு நாவல் படைத்தவர் பிரபஞ்சன். 1945இல் இந்நகரில் பிறந்து 2018இல் மறைந்த அவர், ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்னும் இரு வரலாற்று நாவல்களில் அக்காலத்தை உயிர்ப்பித்தார். பின்னதற்கு 1995இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அரசகுமாரர்களின் வாள்வீச்சையே வரலாற்று நாவல் என்று கருதிப் பழகிய தமிழ் வாசகருக்கு, ஆளுநர் மாளிகையின் அச்சங்களையும் ஆசைகளையும் எளிய மக்களின் துயரையும் அவர் காட்டினார். வெற்றியின் உச்சியில் நிற்பவரையும் ஒரு நாள் விழப்போகும் மனிதராகக் காணும் கண் அவருக்கு இருந்தது.

தமிழ் நாவல் தொடக்கத்திலேயே இந்தக் கண்ணைப் பெற்றுவிடவில்லை. முதல் தமிழ் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. அதை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை நம் திருச்சபையின் மகன் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. அறம் வெல்லும், மறம் தோற்கும் என்னும் நம்பிக்கையின் மகிழ்ச்சியான சித்திரம் அது. 1893இல் தொடராக வெளிவரத் தொடங்கிய ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ வேறு பாதையில் சென்றது. அதன் நாயகர் முத்துஸ்வாமி ஐயர் செல்வத்தையும் குடும்ப அமைதியையும் இழந்து, வீடு துறந்து அலைந்த பின்னரே ஞானத்தின் வாயிலை அடைகிறார். பதினைந்து ஆண்டுகளுக்குள் தமிழ் நாவல் தோல்வியையும் ஓர் ஆசானாக ஏற்றுக்கொண்டது.

திரைப்படத்தில் இது எவ்வாறு வெளிப்பட்டது? சரத்சந்திரரின் வங்க நாவலைத் தழுவி 1953இல் தமிழிலும் வந்த ‘தேவதாஸ்’ மக்கள் மனத்தை உலுக்கியது. காதலில் தோற்றவன் மதுவில் மூழ்கி, காதலியின் வாயிலில் வந்து மடிகிறான். அவனுக்காகக் கண்ணீர் வடித்த தலைமுறைகள் பல. காதலில் தோற்றவனைத் ‘தேவதாஸ்’ என்றே அழைக்கும் வழக்கமும் நம் பேச்சில் ஊன்றிவிட்டது. அப்படத்தின் கலைச்சிறப்பை நாம் மறுக்கவில்லை. ஆயினும், தன்னை அழித்துக்கொள்வதற்கு அது ஓர் அழகைச் சூட்டிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உமாசந்திரனின் நாவலைத் தழுவி 1978இல் மகேந்திரன் இயக்கிய ‘முள்ளும் மலரும்’ படத்தில் வரும் காளியும் தோற்றவனே. மேலதிகாரியோடு மோதுகிறான், வேலை போகிறது, குடிபோதையில் விபத்துக்குள்ளாகி ஒரு கையையும் இழக்கிறான். இறுதியில், தான் வெறுக்கும் அதே மனிதருக்குத் தன் தங்கையை மணமுடித்துத் தர இசைகிறான். அவனுடைய செருக்குத் தோற்ற இடத்தில் அன்பு தலைதூக்குகிறது. தேவதாஸுக்குத் தோல்வி முடிவுரை. காளிக்கு அது கதையின் நடுப்பகுதி.

பிரெஞ்சு இலக்கியத்தில் இக்கருத்தை மிக ஆழத்துக்குக் கொண்டு சென்றவர் கத்தோலிக்க எழுத்தாளர் பெர்னானோஸ். அவருடைய ‘ஒரு கிராமத்துப் பங்குக் குருவின் நாட்குறிப்பு’ 1936இல் வெளிவந்தது. 1951இல் பிரெஸ்ஸோன் அதைத் திரைப்படமாக்கினார். அதில் வரும் இளங்குருவைப் பங்கு மக்கள் மதிப்பதில்லை. குடிகாரர் என்று புறங்கூறுகிறார்கள். வயிற்றில் புற்றுநோய் அவரை அரிக்கிறது. உலகின் கணக்கில் அவர் ஒன்றையும் சாதிக்கவில்லை. எனினும் துயரில் இறுகிக் கிடந்த ஓர் உள்ளத்தை இறைவனிடம் அவர் திருப்புகிறார்; தம் வாழ்வின் வெறுமையையும் இறையருளின் கையில் ஒப்படைத்து அமைதியாக இறக்கிறார்.

நற்செய்தி நூல்களும் இதையே கூறுகின்றன. யூதாசு காட்டிக்கொடுத்தார், பேதுரு மும்முறை மறுதலித்தார். இருவரும் வருந்தினர். யூதாசு தம் வருத்தத்தோடு தனியே சென்றார். பேதுருவோ அழுதபின் மீண்டும் சகோதரர்களிடையே வந்து அமர்ந்தார். அவர் மறுதலித்தது கரிநெருப்பின் அருகில்; உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் அவரை மும்முறை அன்போடு வினவியதும் கரிநெருப்பின் அருகிலேயே என்று யோவான் எழுதுகிறார். தோற்ற இடத்தை ஆண்டவர் மறைக்கவில்லை. அங்கேயே உணவு சமைத்து வைத்து அழைத்தார்.

இது கலையரங்கோடு முடிந்துவிடும் பேச்சு அன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2014ஆம் ஆண்டு அறிக்கையில், இலட்சம் பேருக்கு 40.4 என்னும் தற்கொலை விகிதத்துடன் இந்தியாவிலேயே முதலிடத்தில் நின்றது நம் புதுச்சேரி. தேர்வு, கடன், காதல், குடி, மண முறிவு எனக் காரணங்கள் பலவாயினும், ‘இனி என் கதையில் பக்கம் இல்லை’ என்னும் எண்ணமே பலரையும் சூழ்ந்திருக்கக் கூடும். 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் தற்கொலை செய்துகொண்டோருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பில் அத்தடை இல்லை. அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்று 1992இல் வெளியான மறைக்கல்வி நூல் போதிக்கிறது. இறந்தவருக்குக் காட்டும் இந்தப் பரிவை உயிரோடு இருக்கும்போதே காட்டுவது அன்றோ நம் கடமை?

நம் ஆலயங்களில் தேர்ச்சி பெற்ற மாணவருக்குப் பரிசளிக்கிறோம், அது நன்று. தேறாத மாணவன் அந்த ஞாயிறன்று எங்கே இருந்தான்? தொழிலில் நொடித்தவர் ஏன் கடைசி வரிசைக்குப் போனார், பின்னர் ஏன் வராமலே போனார்? அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, அறிவுரை கூறாமல் ஒரு மணி நேரம் அமர்ந்து கேட்பது எந்த அன்பியத்தாலும் இயலும். நாவலாசிரியர் தம் மாந்தரின் வீழ்ச்சியை எத்தனை பொறுமையோடு நோக்குகிறாரோ, அத்தனை பொறுமை அடுத்த வீட்டு மனிதரிடத்தும் நமக்கு வரட்டும். கரிநெருப்பை மூட்டி வைப்போம், பேதுருக்கள் வருவார்கள்.