பின்னிருக்கைப் பயணி: இருசக்கர வாகனத்தில் பாதுகாப்பும் பொறுப்பும்

மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர், மொபெட் ஆகியவற்றில் ஓட்டுபவருக்குப் பின்னால் அமர்ந்து செல்பவர் பின்னிருக்கைப் பயணி எனப்படுகிறார். ஹேண்டில்பாரோ பிரேக்கோ அவர் கைக்கு எட்டாது. எதிரே உள்ள குழியையும் குறுக்கே ஓடிவரும் நாயையும் ஓட்டுபவரின் முதுகு மறைத்துவிடும். வண்டி திடீரென நிற்கப்போகிறது என்பதை அவர் தம் உடல் முன்னால் சாயும்போதுதான் அறிகிறார். அவருடைய பாதுகாப்பில் பெரும்பங்கு ஓட்டுபவரின் கையில் இருப்பது இதனால்தான். இந்தியாவில் இந்த இருக்கையில் பெரும்பாலும் மனைவியோ, பள்ளிக்குச் செல்லும் பிள்ளையோ, மருத்துவமனைக்குக் கிளம்பிய தாயோ உட்கார்ந்திருக்கிறார்கள். குடும்பங்களின் அன்றாடப் போக்குவரத்தே இதை நம்பி நடக்கிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, அவ்வாண்டு சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். ஹெல்மெட் அணியாத நிலையில் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். நாளொன்றுக்குச் சராசரியாக 39 பேர். வண்டியை ஓட்டாமலேயே உயிரிழந்தவர்களின் கணக்கு இது.

தலைக்கவசம்

நவீன ஹெல்மெட்டின் வரலாறு ஒரு மரணத்தில் தொடங்குகிறது. அரேபியாவின் லாரன்ஸ் என்று அறியப்பட்ட டி. இ. லாரன்ஸ் 1935 மே மாதம் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு, சில நாட்களில் இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவரான நரம்பியல் அறுவை நிபுணர் ஹியூ கெய்ர்ன்ஸ், அதன்பின் இராணுவத்தில் செய்தி கொண்டுசெல்லும் மோட்டார் சைக்கிள் வீரர்களின் விபத்துகளை ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். தலைக்கவசம் உயிர் காக்கும் என்பதற்கு மருத்துவச் சான்று அங்கிருந்து சேரத் தொடங்கியது. 2008இல் வெளியான காக்ரேன் அமைப்பின் மறுஆய்வு பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து, ஹெல்மெட் இறக்கும் அபாயத்தை ஏறக்குறைய 42 விழுக்காடும் தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது என்று கண்டது. முன்னால் இருப்பவரின் மண்டையோட்டுக்கும் பின்னால் இருப்பவரின் மண்டையோட்டுக்கும் தார்ச்சாலை வேறுபாடு காட்டுவதில்லை. ஆனாலும் இந்திய வீடுகளில் 'வண்டி ஓட்டுபவருக்கு ஒரு ஹெல்மெட்' என்பதே நெடுங்கால வழக்கமாக இருந்துவருகிறது.

ஹெல்மெட்டின் வெளி ஓடு அடியைப் பரப்புகிறது. உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற அடுக்கு நசுங்குவதன் மூலம் அடியின் விசையைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கிய அடுக்கு மீண்டும் எழும்பாது. அதனால் விபத்தில் அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல் மட்டுமே தெரிந்தாலும், கழித்துவிட வேண்டியதே. தாடைப்பட்டை பூட்டப்படாத ஹெல்மெட் முதல் அடியிலேயே தனியே பறந்துவிடும். போலீஸைப் பார்த்ததும் எடுத்து மாட்டுவதற்காகக் கைமுட்டியில் தொங்கவிட்டிருக்கும் ஹெல்மெட் முட்டியைக்கூடச் சரியாகக் காப்பதில்லை.

இந்தியாவில் இதற்கான தரம் ஐஎஸ் 4151. அத்தரத்துக்கான ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டுகளைத் தயாரிப்பதும் விற்பதும் 2021 ஜூன் 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. கட்டடத் தொழிலாளர் அணியும் மஞ்சள் தொப்பியையோ, சாலையோரம் விற்கும் அரைத்தொப்பியையோ பின்னால் இருப்பவருக்குக் கொடுப்பது அபராதத்துக்குப் பயந்து செய்யும் ஏற்பாடு. காதுக்கு மேலேயே முடிந்துவிடும் அந்தத் தொப்பி பக்கவாட்டு அடிக்கு எந்தத் தடையும் ஆகாது.

அளவும் முக்கியம். பட்டையைப் பூட்டிய பின் தலையை அசைத்தால் ஹெல்மெட் தனியாக ஆடக்கூடாது. பின்பக்கத்தைப் பிடித்து முன்னால் தள்ளினால் கழன்றுவரக்கூடாது. பெண்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. உச்சிக்கொண்டை போட்டால் ஹெல்மெட் தலையில் அமராமல் மேலே தூக்கி நிற்கும். கழுத்துக்குக் கீழே இறங்கும் தளர்ந்த பின்னல் போட்டுக்கொண்டால் இது தீரும். பூவைப் பையில் எடுத்துச்சென்று போன இடத்தில் வைத்துக்கொள்ளும் பெண்கள் சரியானதையே செய்கிறார்கள்.

தமிழ்நாட்டில் ஓட்டுபவர், பின்னால் அமர்பவர் இருவருக்கும் ஹெல்மெட்டைக் கண்டிப்பாக்கும் நடவடிக்கை, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2015 ஜூலை 1 முதல் தீவிரமானது. ஆனாலும் சோதனைகள் பெரிதும் ஓட்டுபவரோடு நின்றுவிட்டன. சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை பின்னிருக்கைப் பயணிகள் மீது தனிக் கவனம் செலுத்தத் தொடங்கியது 2022 மே 23இல்தான்.

அமரும் முறையும் ஆடையும்

இருபுறமும் கால் போட்டு, பாதங்களை ஃபுட்ரெஸ்டில் ஊன்றி, ஓட்டுபவரின் இடுப்பையோ பின்கம்பியையோ பிடித்து அமர்வதே நிலையான முறை. ஒருக்களித்து உட்காரும்போது உடலின் எடை ஒருபக்கம் சாய்கிறது. ஒரு பாதத்துக்குத்தான் ஊன்ற இடம் கிடைக்கிறது. வேகத்தடையில் வண்டி தூக்கிப்போடும்போது இருக்கையைத் தொடைகளால் கவ்வ முடியாது. பின்னால் அமர்ந்த பெண்கள், அதிலும் வயதானவர்கள், வேறு எந்த வண்டியும் மோதாமலேயே மல்லாந்து விழுந்து பின்மண்டையில் அடிபடும் விபத்துகளுக்கு இதுவே பொதுவான வழி. பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் பின்னால் இருப்பவர் இருபுறமும் கால் போட்டே அமர வேண்டும் என்கிறது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, ஒருவரை மட்டுமே ஏற்ற வேண்டும், அவர் முறையாகப் பொருத்தப்பட்ட இருக்கையில் அமர வேண்டும் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. புடவை கட்டும் நாட்டில் அந்த மௌனம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் அதனால் ஆபத்து குறைந்துவிடவில்லை. சுடிதாரோ பேன்ட்டோ அணியும் நாளில் பழக்கத்தின் காரணமாக ஒருக்களித்தே அமர்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

சட்டம் வேறொரு வகையில் புடவையைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 123ஆம் விதிப்படி, பின்னிருக்கை உள்ள வண்டியில் நிலையான கைப்பிடியும் ஃபுட்ரெஸ்டும் இருக்க வேண்டும். பயணியின் ஆடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பும் இருக்க வேண்டும். மெக்கானிக்குகள் 'சாரி கார்டு' என்று சொல்லும் கம்பித்தடுப்பு இதுதான். வண்டியின் அழகு கெடுகிறது என்று அதைக் கழற்றி வீட்டு மாடியில் போட்டுவிடும் இளைஞர்கள் பலர். பின்னாளில் அதே வண்டியில் தாயையோ தங்கையையோ ஏற்றும்போது அது இல்லை என்பது நினைவுக்கு வருவதில்லை.

துப்பட்டா புடவையைவிடக் கொடியது. அதன் ஒரு முனை ஆரக்கம்பியிலோ செயினிலோ சிக்கினால், சுழலும் சக்கரம் மறுமுனையைக் கழுத்தோடு இழுக்கும். குரல்வளையும் மூச்சுக்குழாயும் சிதைந்த நிலையில் கொண்டுவரப்பட்டவர்களைப் பற்றி இந்தியத் துணைக்கண்டத்து மருத்துவ இதழ்கள் தொடர்ந்து எழுதிவந்துள்ளன. துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிவதற்கு அரை நிமிடம் போதும். புர்காவுக்கும், நீண்ட மழைக்கோட்டுக்கும், மடித்துக் கட்டாத வேட்டிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

செருப்பு, குறிப்பாக ரப்பர் செருப்பு, காலிலிருந்து எளிதில் நழுவும். கால் எட்டாத பிள்ளைகளின் குதிகால் ஆரக்கம்பிகளுக்குள் மாட்டிக்கொள்வதும், சைலன்சரில் கெண்டைக்கால் சுடுவதும் எலும்பு மருத்துவருக்கும் தீக்காய மருத்துவருக்கும் பழகிப்போன காயங்கள்.

குழந்தைகள்

ஹெல்மெட் கட்டாயம் என்னும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பொருந்தும். அதற்கும் குறைந்த வயதுக் குழந்தைகளுக்காக மத்திய அரசு 2022 பிப்ரவரி 15இல் விதி வெளியிட்டது. ஓராண்டு கழித்து அது நடைமுறைக்கு வந்தது. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஓட்டுபவரின் உடலோடு இணைக்கும் வார்ப்பட்டை அணிவிக்க வேண்டும். அந்தப் பட்டை 30 கிலோ வரை தாங்குவதாகவும், எடை குறைந்ததாகவும், நீர் புகாததாகவும் இருக்க வேண்டும். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தைக்குத் தலைக்கேற்ற ஹெல்மெட்டோ சைக்கிள் ஹெல்மெட்டோ தேவை. வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது.

தமிழ்நாட்டுத் தெருக்களில் இந்த வார்ப்பட்டை அரிதாகவே கண்ணில் படுகிறது. தந்தையின் முன்னால் பெட்ரோல் டேங்க் மீதோ, ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் நின்றபடியோ செல்லும் பிள்ளைதான் வழக்கமான காட்சி. மோதலின்போது அந்தப் பிள்ளை ஹேண்டில்பாருக்கும் தந்தையின் மார்புக்கும் நடுவே நசுங்குகிறது. தாய் ஒருக்களித்து அமர்ந்து கைக்குழந்தையை மடியில் அணைத்திருக்கும்போது அவருக்குப் பிடித்துக்கொள்ளக் கை மிஞ்சுவதில்லை. அணைப்பு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் மோதலின் விசையில் குழந்தையைப் பிடித்து நிறுத்த மனிதக் கைகளால் முடியாது. ஒன்பது மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு அந்த விதி ஹெல்மெட்டைச் சொல்லவில்லை. தலையைத் தாங்கும் வலு கழுத்துக்கு முழுமையாக வராத அவ்வயதில் ஹெல்மெட் சுமையாகவே அமையும். அக்குழந்தைக்கு ஆட்டோவும் பேருந்துமே உரிய வாகனங்கள்.

ஓட்டுபவரின் கடமைகள்

இன்னொருவர் ஏறியதும் வண்டியின் தன்மை மாறிவிடுகிறது. எடை பின்னுக்குப் போவதால் முன்சக்கரத்தின் மீது அழுத்தம் குறைந்து ஹேண்டில் லேசாகத் தெரியும். நிற்க எடுக்கும் தூரம் கூடும். வளைவில் சாய்ந்து மீள்வதற்கு நேரமாகும். பல வண்டிகளில் செயின் கவர் அருகே ஒட்டப்பட்ட ஸ்டிக்கரில் பின்சக்கரத்துக்கு இரண்டு காற்றளவுகள் இருக்கும். தனியாகச் சென்றால் 28 என்றிருப்பது, இருவராகச் சென்றால் 32 அல்லது அதற்கும் மேல் என்று மாடலுக்கு மாடல் வேறுபடும். வழக்கமாக இருவர் செல்லும் வண்டிக்கு இரண்டாவது அளவே சரி. பின் ஷாக் அப்சார்பரை இறுக்கும் வசதி இருந்தால் அதையும் ஒரு படி கூட்டிக்கொள்ளலாம். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் ஏபிஎஸ், அதற்குட்பட்டவற்றில் இரு சக்கரப் பிரேக்குகளையும் இணைத்து இயக்கும் அமைப்பு ஆகியவை 2019 ஏப்ரல் 1 முதல் கட்டாயமாகியுள்ளன. இவை சக்கரம் வழுக்குவதைக் குறைக்கும். பின்னால் இருப்பவர் முன்னால் வந்து மோதுவதைத் தடுக்காது. சீராகப் பிடிக்கும் பிரேக்கும், முன்வண்டியோடு விடும் கூடுதல் இடைவெளியுமே அதற்கு வழி.

ஏறும்போது ஓட்டுபவர் இரு கால்களையும் தரையில் ஊன்றி, முன்பிரேக்கைப் பிடித்திருக்க வேண்டும். 'போலாமா?' என்று கேட்டு, 'போலாம்' என்று பதில் வந்த பிறகே கிளட்சை விட வேண்டும். வயதானவர்கள் ஒரு கால் மட்டும் ஊன்றிய நிலையில் வண்டி நகர்ந்துவிடுவதால் நேரும் விழுகைகளை இந்த ஒரு கேள்வி தவிர்க்கும். பயணி ஓட்டுபவரோடு சேர்ந்து சாய வேண்டும். வளைவில் எதிர்ப்பக்கம் நிமிரக்கூடாது. கேஸ் சிலிண்டரையோ கண்ணாடிச் சட்டத்தையோ அவர் கையில் கொடுத்து உட்காரவைப்பது, பிடித்துக்கொள்ளும் வாய்ப்பை அவரிடமிருந்து பறிப்பதாகும்.

சட்டமும் இழப்பீடும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 194டி பிரிவு, ஹெல்மெட் விதியை மீறி வண்டி ஓட்டுபவருக்கும் அப்படி ஓட்ட அனுமதிப்பவருக்கும் 1,000 ரூபாய் அபராதமும், மூன்று மாதம் உரிமத் தகுதியிழப்பும் விதிக்கிறது. பின்னால் இருப்பவர் அணியாவிட்டாலும் ஓட்டுபவர் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். மூவராகச் செல்வதற்கு 194சி பிரிவில் இதே தண்டனை. தமிழ்நாட்டில் இந்த உயர்ந்த அபராதம் 2022 அக்டோபரில் அமலானது. அதுவரை ஹெல்மெட்டுக்கு 100 ரூபாய்தான். அபராதம் ஒருபுறமிருக்க, மூவராகச் சென்றார்கள் என்பதற்காகவே பின்னால் இருந்தவரின் இழப்பீட்டைக் குறைத்துவிட முடியாது என்று முகமது சித்திக் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் கூறியது. அந்த மீறல்தான் விபத்துக்கோ காயத்துக்கோ காரணமானது என்பது நிறுவப்பட வேண்டும்.

குடும்பங்கள் அதிகம் அறியாத பகுதி காப்பீடு. சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால், சொந்த வண்டியின் பின்னிருக்கையில் கட்டணமின்றிச் செல்பவர் அதன் பாதுகாப்பில் வரமாட்டார் என்று திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. மோதியது வேறொரு வண்டி, தவறும் அதனுடையது என்றால் அந்த வண்டியின் காப்பீட்டில் இழப்பீடு கேட்கலாம். ஓட்டுபவரே தடுமாறிக் கவிழ்த்துவிட்டால், பின்னால் இருந்த மனைவிக்குச் சொந்த வண்டியின் காப்பீட்டு நிறுவனம் எதுவும் தரவேண்டிய கட்டாயம் இல்லை. முழுமைக் காப்பீட்டின் நிலை வேறு. அது பின்னிருக்கைப் பயணியையும் உள்ளடக்கும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2009 நவம்பரில் சுற்றறிக்கை மூலம் தெளிவுபடுத்தியது. பாலிசியில் காணப்படும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு வண்டியை ஓட்டும் உரிமையாளருக்கு மட்டுமே. பின்னால் அமர்பவருக்கும் அத்தகைய காப்பு வேண்டுமெனில், கூடுதல் பிரீமியம் செலுத்தி, பெயர் குறிப்பிடாத பின்னிருக்கைப் பயணிக்கான தனிநபர் விபத்துக் காப்பைப் பாலிசியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். முகவர் இதைத் தாமாகச் சொல்வது அரிது. புதுப்பிக்கும்போது கேட்டுப் பெற வேண்டும்.