மயிலிட்டிக் கரையின் கடன் கணக்கு

மயிலிட்டி இருக்கும் யாழ்ப்பாணத்து வடகரையில் வலை வாங்கவும் வள்ளம் கட்டவும் நெடுங்காலம் பணம் தந்தவர் வங்கிக்காரர் அல்லர், மீன் வாங்கும் முதலாளி. பெரும்பாலும் அவர் வட்டி கேட்பதில்லை. முற்பணம் வாங்கியவர் பிடித்து வரும் மீனை அவருக்கே கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவு’க்குள் எல்லாம் அடங்கிவிடும். கடன் நிற்கும்வரை விலையில் மீனவருக்குப் பேச்சில்லை. அவசரத்துக்கு, நகை உள்ள வீட்டில் அடகு. இல்லாத வீட்டில் சீட்டு.

இந்தப் பிடியைத் தளர்த்த வந்தது கூட்டுறவு. இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1911இல் பிறந்தது. 1929இல் யாழ்ப்பாணத்துக்கென ஒரு கூட்டுறவு வங்கியே வந்தது. தோட்டக்காரருக்குக் கிடைத்த இந்த வசதி கடற்கரைக்குப் பிந்தித்தான் எட்டியது. 1950களின் இறுதியிலிருந்து கடற்றொழில் திணைக்களம் இயந்திரப் படகுகளைத் தவணைக்குக் கொடுத்தது. நைலோன் வலையும் வந்தது. மயிலிட்டி நாட்டின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களுள் ஒன்றாக வளர்ந்தது. சங்கம் ஒழுங்காக நடந்த ஊர்களில் கடனும் சேமிப்பும் மீன் விற்பனையும் உறுப்பினரின் சொந்தக் கணக்கிலேயே ஓடின. படகில்லாமல் பங்குக்குத் தொழில் செய்தவர்களுக்கு அந்த ஆதாயம் குறைவாகவே போய்ச் சேர்ந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1990இல் ஐ.நா.வின் முதலாவது மனித அபிவிருத்தி அறிக்கை வெளிவந்தது. பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக்கின் முயற்சி அது. வருமானம் குறைந்திருந்தும் கல்வியிலும் ஆயுளிலும் உயர்ந்து நின்ற நாடாக அது இலங்கையைக் காட்டியது. ஆனால் அதே ஆண்டு ஜூனில் மயிலிட்டி மக்கள் போரினால் ஊரை விட்டு ஓடினார்கள். வீடும் துறையும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. உறுதி கையில் இருந்தும் காணிக்குள் காலடி வைக்க முடியாதவருக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்?

2009இல் போர் முடிந்ததும் நுண்நிதிக் கம்பனிகள் வடக்கின் வீட்டு வாசல்களுக்கே வந்தன. தொழில் மீளுமுன் வாராந்தத் தவணை தொடங்கியது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று பெண்கள் சிக்கினார்கள். 2018இல் அரசாங்கம், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் கட்டமுடியாமல் நின்ற, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவிக்க நேர்ந்தது. கடன் எட்டிவிட்டால் வாழ்வு உயர்ந்துவிடும் என்ற நம்பிக்கை இங்கே பொய்த்தது.

2017 ஜூலை 3இல் மயிலிட்டித் துறைமுகத்தோடு 54 ஏக்கர் அந்த வலயத்திலிருந்து விடுவிக்கப்பட்டது. 27 ஆண்டுகளுக்குப் பிறகு கரைக்குத் திரும்பிய குடும்பங்களுக்குத் தேவை, மீன்பாட்டுக்கு ஏற்பத் தவணை கட்டக்கூடிய, தங்கள் சங்கத்தின் கையில் இருக்கும் நீண்டகாலக் கடன். அரசும் புலம்பெயர்ந்த மயிலிட்டியாரும் முதலில் அந்தச் சங்கங்களின் நிதியைப் பலப்படுத்த வேண்டும்.