வெப்லாஜிக் வழங்கியின் பாதுகாப்பு ஒட்டுகள்: 2015–2020

வெப்லாஜிக் என்பது நிறுவனங்களின் ஜாவா பயன்பாடுகளை இயக்கும் வழங்கி மென்பொருள் ஆகும். இதை உருவாக்கிய நிறுவனத்தை 1998இல் பிஇஏ சிஸ்டம்ஸும், பிஇஏவை 2008இல் ஆரக்கிளும் வாங்கின. 2015க்குப் பின் இதில் காணப்பட்ட ஓட்டைகளின் வரலாறு, ஓட்டையை அடைக்கும் ஒட்டு ஏன் தோற்கக்கூடும் என்பதற்குச் சான்றாக உள்ளது.

ஒட்டு வெளியீட்டு முறை

ஆரக்கிள் 2005இல் தன் மென்பொருள்களுக்கான பாதுகாப்பு ஒட்டுகளை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வெளியிடத் தொடங்கியது. ஒட்டு இட வழங்கியை நிறுத்த வேண்டும். பயன்பாடுகளையும் மீண்டும் சோதிக்க வேண்டும். தேதி முன்பே தெரிவது நிர்வாகிகளுக்கு உதவியது. மிக அவசரமானவற்றுக்கு மட்டும் இடையில் தனி எச்சரிக்கை வெளியாகும்.

2015: மீளாக்க ஓட்டை

ஜாவா நிரல் ஒரு பொருளைப் பைட்டுகளாக்கி அனுப்பலாம்; பெறும் வழங்கி அதை மீண்டும் பொருளாக்கும். அப்பாச்சி காமன்ஸ் கலெக்‌ஷன்ஸ் நூலகத்தின் வகுப்புகளைக் கோத்து அனுப்பினால், மீளாக்கும்போதே தாக்குபவரின் கட்டளை இயங்கும் என்று 2015 சனவரியில் கிறிஸ் ஃப்ரோஹோஃப், கேப்ரியல் லாரன்ஸ் இருவரும் காட்டினர். நவம்பர் 6 அன்று இதே முறை வெப்லாஜிக், வெப்ஸ்பியர், ஜேபாஸ் ஆகியவற்றில் செயல்படுவது வெளியானது. நான்கு நாளில் ஆரக்கிள் எச்சரிக்கை விடுத்தது.

அந்த ஒட்டு, ஆபத்தான வகுப்புகளைப் பெயர் சொல்லித் தடுத்தது. தடுக்கப்பட்டதை அனுமதிக்கப்பட்ட வேறொரு வகுப்புக்குள் பொதிந்து அனுப்பும் வழிகள் விரைவிலேயே கண்டறியப்பட்டன. அவற்றை அடைக்க 2016 ஏப்ரலிலும் சூலையிலும் மீண்டும் ஒட்டுகள் வந்தன.

2017–2020: தடைப்பட்டியலின் குறை

எக்ஸ்எம்எல் செய்திகளைப் படிக்கும் பகுதியிலும் இதே கதை நிகழ்ந்தது. 2017 ஏப்ரல் ஒட்டு 'ஆப்ஜெக்ட்' என்ற குறிச்சொல்லைத் தடுத்தது. தாக்குபவர்கள் 'வாய்ட்' என்பதைப் பயன்படுத்தினர். அக்டோபரில் அதுவும் தடுக்கப்பட்டது. ஒட்டு இடாத வழங்கிகளில் நுழைந்தவர்கள் மறைக்காசு அகழும் நிரல்களை நிறுவினர். 2019 ஏப்ரலில் 'கிளாஸ்' குறிச்சொல் வழியே சோடினோகிபி பணயத் தீநிரல் பரவியது. ஏப்ரல் 26 அன்று அவசர ஒட்டு வெளியானது. சூனில் இன்னொன்று தேவைப்பட்டது.

2020 அக்டோபரில் நிர்வாகப் பலகத்தின் ஓட்டை அடைக்கப்பட்டது. முகவரியில் ஒரே ஓர் எழுத்தைப் பெரிய எழுத்திலிருந்து சிறிய எழுத்தாக மாற்றி அந்த ஒட்டும் தாண்டப்பட்டதால், நவம்பர் 1 அன்று மற்றோர் அவசர ஒட்டு வந்தது.

விளைவுகள்

தீயவற்றைப் பட்டியலிடுவதைவிட, தேவையானவற்றை மட்டும் அனுமதிப்பதே உறுதியானது என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது. 2017இல் வெளியான ஜாவா 9, மீளாக்கத்தை இவ்வாறு வடிகட்டும் வசதியைத் தந்தது; பழைய பதிப்புகளுக்கும் அது வழங்கப்பட்டது. வெப்லாஜிக்கின் இயல்பு முனையமான 7001இல் வலைப்பக்கக் கோரிக்கைகளும் உள்தொடர்புக்கான டி3 நெறிமுறையும் ஒன்றாக வருவதால், டி3ஐத் தனியே வடிகட்டுவதும், பயன்படாத கூறுகளை நீக்குவதும் ஒட்டு இடுவதற்கு இணையான பணிகளாயின.