ஹேண்டில் போடத் தெரியுமா?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? வலது பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். மலைக்கும் ரோட்டுக்கும் நடுவே தென்னை, மாந்தோப்பு, கொஞ்சம் நெல், கொஞ்சம் பருத்தி. இவ்வளவு பச்சையாக இருக்கிறதே, பக்கத்தில் பெரிய நதி ஏதாவது ஓடுகிறதா என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள். மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்கும் ஓடைகள், அவை நிரப்பும் கண்மாய்கள். கண்மாய் வற்றிவிட்டால் கிணறு. அவ்வளவுதான்!

அந்தக் கிணற்றுத் தண்ணீரை மேலே கொண்டுவர முன்பெல்லாம் கமலைதான். இரண்டு மாடுகள் சரிவில் இறங்க, வடம் இழுபட, தகரக் கூனை தண்ணீரோடு மேலே வரும். பிறகு மாடுகள் பின்னாலேயே நடந்து மேடேற வேண்டும். விடிவதற்கு முன் ஆரம்பித்தால் வெயில் ஏறும்வரை இதே வேலை. மாட்டுக்கு நுரை தள்ளும், மனுஷனுக்குத் தோள் விட்டுப்போகும்.

அங்கேதான் வந்து சேர்ந்தது ஆயில் இன்ஜின்.

1930-ல் இங்கிலாந்தின் லிஸ்டர் கம்பெனி ஓர் ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜினை வெளியிட்டது. 5 குதிரை சக்தி, நிமிடத்துக்கு 600 சுற்று, கனத்த ப்ளைவீல்கள். அவசரமே படாத இன்ஜின். 1946-ல் புனே அருகே கிர்கியில் கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின் கம்பெனி தொடங்கியது. லிஸ்டரைப் பார்த்துச் செய்த இன்ஜின்கள் ராஜ்கோட் பட்டறைகளிலிருந்தும் வந்து குவிந்தன. தமிழ்நாட்டுத் தோட்டங்களில் "டுக்... டுக்... டுக்..." சத்தம் கேட்க ஆரம்பித்தது.

எல்லாம் சரி. காலையில் ஸ்டார்ட் ஆக வேண்டுமே!

இந்த விஷயத்தில் விவசாயிகள் வெட்கப்படத் தேவையில்லை. உலகின் முதல் டீசல் இன்ஜினே லேசில் ஸ்டார்ட் ஆகவில்லை. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் 1893 ஆகஸ்டில் ருடால்ஃப் டீசல் தன் இன்ஜினை முதன்முதலாக முயன்று பார்த்தபோது, அழுத்தத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. இன்ஜின் ஓடவில்லை. தானாக ஒரு நிமிடம் ஓடியது 1894 பிப்ரவரி 17-ம் தேதி. உருப்படியாக வேலை செய்து, பேராசிரியர்கள் அளந்து பார்த்துத் தலையாட்டியது 1897-ல்தான். கண்டுபிடித்தவருக்கே நாலு வருஷம்!

காரணம், டீசல் இன்ஜினில் தீப்பொறி போடும் ப்ளக் கிடையாது. காற்றைப் பதினாறில் ஒரு பங்காக நசுக்கினால் அது 500 டிகிரிக்கு மேல் சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைப் பனிபோலத் தெளித்தால் தானே பற்றிக்கொள்ளும். ஆக, தேவை இரண்டுதான்: டீசல் சரியாகத் தெளிய வேண்டும், காற்று ஒழுங்காக நசுங்க வேண்டும். எந்தப் புத்தகமும் படிக்காத தோட்டக்காரர்கள் இந்த இரண்டையும் காதாலும் கையாலும் சோதித்தார்கள். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் காது. இன்ஜின் தலையில் ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. அதைத் தூக்கிவிட்டால் வால்வு திறந்தே இருக்கும், காற்று நசுங்காது, ஹேண்டில் லேசாகச் சுற்றும். அப்படிச் சுற்றும்போது நாசிலிலிருந்து "கிர்க்... கிர்க்..." என்று சத்தம் வர வேண்டும். வந்தால் டீசல் தெளிகிறது. வராவிட்டால் டேங்க் காலி, அல்லது ஃபில்டர் அடைப்பு, அல்லது குழாயில் 'காத்து பிடிச்சுக்கிச்சு'. நட்டைத் தளர்த்தி, குமிழி நின்று சுத்தமான டீசல் வரும்வரை ஒழுகவிட்டு மறுபடி முறுக்க வேண்டும். ஸ்டார்ட் ஆகாத இன்ஜின்களில் நிறைய, இந்த ஒரு வைத்தியத்திலேயே கிளம்பிவிடும்.

அடுத்தது கை. நெம்புகோலைப் போட்டுவிட்டு ஹேண்டிலை மெதுவாகச் சுற்றினால் ஓரிடத்தில் ஸ்பிரிங் மாதிரி எதிர்த்துத் தள்ள வேண்டும். தள்ளாமல் புஸ்ஸென்று போனால் காற்று எங்கோ ஒழுகுகிறது. எங்கே? காற்று உள்ளே போகும் வழியில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுச் சுற்றினால் தெரிந்துவிடும். எதிர்ப்பு திரும்பி வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, எண்ணெய் அந்த இடுக்கை அடைத்திருக்கிறது. அப்போதும் வராவிட்டால் வால்வு சரியாக உட்காரவில்லை. இன்றைக்கும் மெக்கானிக்குகள் செய்யும் சோதனைதான் இது.

இரண்டும் சரியாக இருந்தும் வெள்ளைப் புகை மட்டும் வருகிறதா? டீசல் உள்ளே போகிறது, பற்றவில்லை என்று அர்த்தம். மார்கழிக் குளிரில் இரும்பு சூட்டை உறிஞ்சிவிடும். சிலிண்டரைச் சுற்றிச் சுடுதண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும்.

கடற்கரையிலும் இதே கதை, வேறு மாதிரி. நம் வள்ளங்களில் மாட்டும் மண்ணெண்ணெய் அவுட்போர்டு மோட்டார்களை பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கரை திரும்பும்போது மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி அணைக்க வேண்டும். மறந்தால், கார்புரேட்டரில் தங்கிய மண்ணெண்ணெய் மறுநாள் விடிகாலையில் கழுத்தறுக்கும். 1990-க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு பெட்ரோல் போவதை இலங்கை அரசு தடுத்தபோது, அங்கே மோட்டார் சைக்கிள்களையே இப்படித்தான் ஓட்டினார்கள். கிளப்புவதற்கு மட்டும் சில சொட்டு பெட்ரோல், மற்றபடி மண்ணெண்ணெய். அந்தச் சில சொட்டு தங்கத்துக்குச் சமம்!

மறுபடி ராஜபாளையம் பக்கம் வருவோம். ஸ்டார்ட் ஆகாத இன்ஜின், சும்மா எரிச்சல் சமாசாரம் அல்ல. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் நாலு நாள் தண்ணீர் போகாவிட்டால் வெள்ளாமை போச்சு, வாங்கிய கடன் நிற்கும். அதைவிடக் கொடுமை, இன்ஜின் ஸ்டார்ட் ஆன பிறகு நடந்ததுதான்.

பம்ப் தண்ணீரை உறிஞ்சித் தூக்குவது காற்றழுத்தத்தின் தயவில். கணக்குப்படி 34 அடி. நடைமுறையில் 20, 25 அடிதான். கமலை நாளெல்லாம் இறைத்ததை இன்ஜின் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இறைத்துத் தள்ளியது. நீர்மட்டம் இறங்கியது. 25 அடிக்குக் கீழே போனதும் பம்ப் வெறும் காற்றைக் குடித்தது. என்ன செய்வது? கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் ஒரு மேடை வெட்டி, இன்ஜினையே கீழே இறக்கினார்கள்.

அங்கே காத்திருந்தான் எமன். டீசல் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. நிறமில்லை, வாசனையில்லை. அதோடு காற்றோட்டமில்லாத கிணற்றில் இன்ஜின் ஆக்சிஜனையும் தின்றுவிடும். நின்றுபோன இன்ஜினைக் கிளப்பக் கீழே இறங்குபவர் மயங்கி விழுவார். என்னாச்சு என்று பார்க்க இறங்கும் தம்பியும் விழுவார். இப்படி ஒரே கிணற்றில் அடுத்தடுத்து உயிர்கள் போயிருக்கின்றன. இன்றைக்கும் இந்தியாவில் இத்தகைய செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

'விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார், அணையாவிட்டால் இறங்கலாம்' என்பார்கள் பெரியவர்கள். பாதி உண்மை! ஆக்சிஜன் குறைவாக இருந்தால் விளக்கு அணையும். ஆனால் ஆளைக் கொல்லும் அளவு கார்பன் மோனாக்சைடு இருந்தாலும் விளக்கு பாட்டுக்கு எரியும். அந்த நம்பிக்கையில் இறங்கியவர்கள் பாவம்.

இதற்கு விடிவு மின்சாரம்தான். 1937-ல் கோவையில் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் மின் மோட்டார் செய்து காட்டியிருந்தார்கள். 1944-ல் பாபநாசம் நீர்மின் நிலையம் தென்மாவட்டங்களுக்குக் கரண்ட் கொடுக்க ஆரம்பித்தது. பக்கத்து விருதுநகர்க்காரரான காமராஜர் 1954 முதல் 1963 வரை முதல்வராக இருந்தபோது கிராமங்களுக்குக் கம்பிகள் வேகமாகப் போயின. மோட்டாருக்குப் புகையில்லை, ஹேண்டில் இல்லை, சுவிட்ச் போட்டால் போதும். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. ஆயில் இன்ஜின் கரண்ட் போகும் நாளுக்கான உபரியாகி, பிறகு பழைய இரும்புக் கடைக்குப் போனது.

நீர்மட்டத்தின் கதை மட்டும் நிற்கவில்லை. கிணற்றை ஆழப்படுத்தி, உள்ளே போர் போட்டு, கடைசியில் நீர்மூழ்கி மோட்டார் நூற்றுக்கணக்கான அடிக்குப் போய்விட்டது. ஆயில் இன்ஜினுக்கு டீசல் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்ததால், தேவைக்கு மேல் யாரும் ஓட்டியதில்லை. இலவச மோட்டாருக்கு அந்தக் கவலையும் இல்லை, பாருங்கள்!

எங்காவது தோட்டத்தில் பழைய இன்ஜினைப் பார்த்து ஆசையாக ஹேண்டிலைப் பிடிப்பீர்களானால் ஒரே ஒரு எச்சரிக்கை. கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்காதீர்கள், மற்ற நாலு விரல்களோடு ஒரே பக்கமாக வையுங்கள். இன்ஜின் சில சமயம் பின்பக்கமாக உதைக்கும். அப்போது ஹேண்டில் கையிலிருந்து நழுவிப் போய்விட வேண்டும். நழுவாவிட்டால் மணிக்கட்டில் மாவுக்கட்டுதான்!