பெயருள்ள முகம், பெயரில்லாத முகம்: 18ஆம் நூற்றாண்டு மேடைக் கலைஞர் படங்கள் குறித்து

1741 அக்டோபர் 19 அன்று இலண்டன் குட்மன்ஸ் ஃபீல்ட்ஸ் அரங்கில் ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்ட் நாடகம் நடந்தது. ரிச்சர்டாக நடித்தவரின் பெயர் விளம்பரத்தாளில் இல்லை. இதற்குமுன் மேடையேறாத ஒரு கனவான் என்ற குறிப்பே இருந்தது. அந்தக் கனவான் டேவிட் கேரிக். நான்கே ஆண்டுகளில் வில்லியம் ஹோகார்த் அவரை அதே வேடத்தில் ஏறத்தாழ எட்டடி அகலத் திரையில் வரைந்தார். 1746இல் அது செப்புத்தகட்டு அச்சாகக் கடைக்கு வந்தபோது, ரிச்சர்ட் பாத்திரத்தில் திரு. கேரிக் என்பது அதன் தலைப்பு. பெயரின்றி மேடையேறியவர் ஐந்தாண்டுக்குள் பெயரும் முகமும் ஒருசேர விற்பனையாகும் மனிதரானார்.

இப்படத்தைப் பற்றிய கலை வரலாற்று உரையாடல் பெரும்பாலும் விரிந்த விரல்களையும் அகன்ற விழிகளையும் சுற்றியே நிகழ்கிறது. மொழியியல் பயின்றவர் கண்ணுக்கு அதன் தலைப்பும் அதே அளவு முக்கியமானது. அதில் இரண்டு பெயர்கள் உள்ளன: ஒன்று நடிகருடையது, மற்றது பாத்திரத்தினுடையது. பார்ப்பவர் ஒரே முகத்தில் இருவரையும் காணவேண்டும். 18ஆம் நூற்றாண்டு ஆங்கில நாடகப் படங்களின் இலக்கணமே இந்த இரட்டைப் பெயர்தான். சோஃபனி வரைந்த மேடைக் காட்சிகளிலும் அதுவே தொடர்கிறது. ரெய்னால்ட்ஸ் 1761 அளவில் முடித்த படத்தில் கேரிக்கை அவலச்சுவை ஒருபுறமும் நகைச்சுவை மறுபுறமும் இழுக்கின்றன. அங்கே குறிப்பிட்ட நாடகமே இல்லை. நடிகரே படத்தின் பொருளாகிவிட்டார்.

இது தனிமனிதத் திறமையால் மட்டும் நிகழ்ந்ததன்று. கேரிக் 1747 முதல் 1776 வரை ட்ரூரி லேன் அரங்கின் பங்குதாரரும் மேலாளருமாக இருந்தார். 1760இல் இலண்டனில் ஓவியர்களின் பொதுக் கண்காட்சி தொடங்கியது. ஒரு படத்திலிருந்து பல நூறு படிகளை எடுக்கும் அச்சுக்கடைகளும் இருந்தன. அரங்கு ஓவியருக்குப் பொருள் தந்தது. ஓவியம் அரங்குக்குக் கூட்டம் தந்தது. முகம் ஒரு முதலீடு.

இக்கதையின் ஒரு கிளை நம் கடற்கரைக்கும் வருகிறது. கேரிக்கின் அரங்கில் 1759இல் மேடையேறிய 'சீன அநாதை' நாடகத்தின் மண்டானே வேடத்தில் மேரி ஆன் யேட்ஸ் என்னும் நடிகையை டில்லி கெட்டில் வரைந்தார்; அப்படம் 1765இல் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதே கெட்டில் 1769இல் சென்னைக்குக் கப்பலேறி வந்தார். இங்கு அவர் வரைந்தவர்களுள் முதன்மையானவர் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா. முழு உயரத் தோற்றம், ஆடை மடிப்புகளின் மினுமினுப்பு, பார்ப்போரை நோக்கிய நிற்கை என்று நாடகப் படத்தில் பழகிய கை நவாபை வரைந்தது. கடனிலும் கம்பெனியின் பிடியிலும் இருந்த வாலாஜாவுக்குத் தம் இறைமையை நிகழ்த்திக்காட்ட ஒரு மேடை தேவைப்பட்டது. தம் உருவப்படங்களை ஆங்கிலேயருக்குப் பரிசாகவும் அனுப்பினார். சோஃபனியும் 1783இல் இந்தியா வந்து கல்கத்தாவிலும் லக்னோவிலும் வரைந்தார். இலண்டனில் நடிகருக்குக் கிடைத்த இடம் இங்கே நவாபுகளுக்கும் கம்பெனி அதிகாரிகளுக்கும் போயிற்று. அப்படியானால் இங்கிருந்த நடிகர்களுக்கு?

அவர்களும் வரையப்பட்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தஞ்சை ஓவியர்கள் கம்பெனி அதிகாரிகளுக்காகத் தொகுப்பேடுகள் தயாரித்தனர். தாளில் நீர்வண்ணம், பெரும்பாலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தத்தம் தொழிற்கருவிகளுடன் நிற்பார்கள். நெசவாளர், குயவர், பாம்பாட்டி, கழைக்கூத்தாடி ஆகியோரின் வரிசையிலேயே ஆடல்மகளிரும் நட்டுவனாரும் மத்தளக்காரரும் இடம்பெறுகின்றனர். நகையும் கொசுவமும் நுணுக்கமாக வரையப்பட்டிருக்கும். கீழே எழுதப்பட்டிருப்பதோ சாதியின் அல்லது தொழிலின் பெயர்.

தொல்காப்பியப் பெயரியல் நிலப்பெயர், குடிப்பெயர், வினைப்பெயர் ஆகியவற்றை ஒரு வரிசையிலும், இயற்பெயரை வேறு வரிசையிலும் வைக்கிறது. தொகுப்பேட்டுத் தலைப்புகள் முதல் வரிசையைத் தாண்டுவதில்லை. கேரிக் படத்தில் இரண்டு பெயர்கள். தஞ்சைப் படத்தில் ஓர் இயற்பெயர்கூட இல்லை. ஆகவே அந்த ஆடல்மகளின் படம் உருவப்படம் ஆகாது. அது ஒரு வகைமாதிரி. இவ்வேறுபாட்டை மறந்து, இத்தகைய படமொன்றை நூலட்டையில் இட்டு இன்னார் என்று பெயர் சூட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது அன்புடன் செய்யப்படும் பிழை, எனினும் பிழையே.

தமிழ்ச் சமூகம் கலைஞரின் பெயரைப் பொருட்படுத்தவில்லை என்று இதிலிருந்து முடிவுகட்டவும் இயலாது. இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களைக் கல்வெட்டு ஒவ்வொன்றாகச் சொல்கிறது: எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது வரை. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். இரண்டாம் இராசேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்காகத் திருவாலன் திருமுதுகுன்றன் என்னும் சாந்திக்கூத்தனுக்கு 120 கலம் நெல் அளிக்கிறது. பெயர், பட்டப்பெயர், நாடகம், ஊதியம் அனைத்தும் உள்ளன; முகம் மட்டும் இல்லை. இங்கே கலைஞரின் பெருமை உரிமையாகவும் மானியமாகவும் பரம்பரையாகவும் பதிவானது. முகத்தைப் பதியும் தேவை அந்த ஏற்பாட்டில் எழவில்லை. கல்வெட்டில் முகமில்லாத பெயர், தொகுப்பேட்டில் பெயரில்லாத முகம். இரண்டுக்கும் இடையிலான மாற்றம் கலைஞரைப் பேணியவர் மாறியதன் விளைவு: கோயில் கலைஞரைத் தன் பணியாளராக எண்ணியது, கம்பெனி அதிகாரி அவரை ஒரு சாதியின் எடுத்துக்காட்டாக எண்ணினார்.

அந்தப் பார்வையின் விளைவு ஏடுகளோடு நின்றுவிடவில்லை. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' ஒளிப்பட வரிசையும், 1909இல் வந்த தர்ஸ்டனின் ஏழு தொகுதிகளும் அதே வகைப்பெயர்களில் இயங்கின. கலைஞர் என்ற தனியாள் மறைந்து 'தாசி' என்ற இனம் எஞ்சியது. பின்னர் நடந்த ஒழிப்பு விவாதங்கள் இந்த இனப்பெயரைப் பற்றியே பெரிதும் நிகழ்ந்தன.

இதற்கு எதிரான ஒரு செயலை இவ்விடத்தில் நினைவுகூர்வது பொருந்தும். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் (1739-1763) அவையில் இருந்தவர் முத்துப்பழனி. கேரிக்கின் சமகாலத்தவர். 'ராதிகா சாந்த்வனமு' என்னும் தம் தெலுங்குக் காவியத்தில் தம் குடிவழியைத் தாமே சொன்னவர். 1887இல் அச்சேறிய பதிப்பில் அந்த முன்னுரைப் பகுதியும் சில செய்யுள்களும் விடப்பட்டன. நூல் இருந்தது, தான் யார் என்று அவர் சொன்ன இடம் இல்லை. பெங்களூர் நாகரத்தினம்மாள் சுவடியைத் தேடிப்பெற்று 1910இல் முழுமையாகப் பதிப்பித்தார். ஆபாசம் என்று அரசு தடைசெய்தது. தடை நீங்க 1947 ஆயிற்று. முத்துப்பழனியின் முகம் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் பெயரையும் தன்னுரையையும் அதே மரபில் வந்த இன்னொரு கலைஞர் மீட்டார். அப்பதிப்பாசிரியரின் சிலை இன்று திருவையாற்றில் தியாகராசர் சமாதியை நோக்கி அமர்ந்திருக்கிறது.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொகுப்பேட்டுப் படமொன்றைப் பயன்படுத்தும்போது அதன் தலைப்பை அது எழுதப்பட்ட மொழியிலேயே படியெடுத்துத் தாருங்கள். அங்கே இருப்பது இயற்பெயரா வகைப்பெயரா என்று குறியுங்கள். முகத்துக்குப் பெயர் தேடுவோர் கோயில் கணக்குகளிலும் மானியப் பட்டயங்களிலும் மோடி ஆவணங்களிலும் தேடவேண்டியிருக்கும். படத்துக்குக் கீழே அது கிடைக்காது.