பிரெனீஸ் மலையைக் கடந்தவர்கள்



1936 ஜூலையில் ஸ்பெயின் நாட்டின் தளபதிகள் சிலர் குடியரசுக்கு எதிராகக் கலகம் செய்தனர். பிராங்கோவின் தலைமையில் திரண்ட அவர்களுக்கு ஹிட்லரும் முசோலினியும் துணைநின்றனர். குடியரசைக் காக்க ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறத்தாழ 35,000 பேர் தாமாகவே புறப்பட்டு வந்தனர். சர்வதேசப் படையணிகள் என்று சரித்திரம் இவர்களை அழைக்கிறது. சுரங்கத் தொழிலாளரும் மாணவரும், சொந்த நாட்டைவிட்டுத் துரத்தப்பட்ட ஜெர்மானியரும் இத்தாலியரும் அவர்களுள் இருந்தனர்.

அண்டை நாடான பிரான்ஸ் 1937 பிப்ரவரியில் இத்தகையோருக்குத் தன் எல்லையை அடைத்தது. அதன்பின் பிரெனீஸ் மலையே அவர்களுக்கு வழியாயிற்று. கயிற்றால் அடி பின்னிய துணிச் செருப்பணிந்து, வழிகாட்டியின் பின்னே வரிசையாக, பேச்சும் விளக்குமின்றி இரவெல்லாம் ஏறினர். மறுபுறம் இறங்கியவர்கள் ஃபிகேரஸ் கோட்டையில் இளைப்பாறி, அல்பசேட்டே முகாமுக்குச் சென்றனர். ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பவில்லை.

அவர்களுடைய துணிவை நான் குறைத்துப் பேசேன். ஆயினும் இந்தப் போரைப் பற்றி எழுதும்போது ஒரு போதகனின் மனம் கலங்குகிறது. குடியரசின் பகுதியில் ஆயிரக்கணக்கான குருமாரும் துறவியரும் கொல்லப்பட்டனர். பிராங்கோவின் பகுதியிலோ ஆயர்கள் பலர் அப்போரைச் சிலுவைப் போர் என்று ஆசீர்வதித்தனர்; அங்கேதான் சலமான்காவின் புராட்டஸ்டண்ட் போதகர் அத்திலானோ கோகோ 1936 டிசம்பரில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

1938 அக்டோபரில் பார்சிலோனா நகரம் அந்நிய வீரரைக் கண்ணீரோடு வழியனுப்பிற்று. 1939 தொடக்கத்தில் கத்தலோனியா வீழ்ந்தபோது, ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் அதே மலைகளைக் கடந்து பிரான்சுக்குள் தப்பிவந்தனர். அவர்களுள் பல்லாயிரவர் ஆர்ஜெலேஸ் கடற்கரையில், கூரையற்ற மணலில், முள்வேலிக்குள் அடைக்கப்பட்டனர்.

1937-இல் அப்போருக்குள் ஆயுதமின்றி வந்த அந்நியர் ஒருவர் உண்டு. அவர் சுவிட்சர்லாந்துப் போதகர் ஒருவரின் மகள், ஆசிரியை எலிசபெத் ஐடன்பென்ஸ். போரில் அகப்பட்ட குழந்தைகளுக்கு உதவவே அவர் வந்தார். பின்னர், முகாம்களில் கர்ப்பிணிகள் படும் பாட்டைக் கண்டு, 1939 இறுதியில் எல்ன் என்னும் ஊரில் பிரசவ இல்லம் ஒன்றைத் திறந்தார். 1944-இல் ஜெர்மானியர் அதை மூடும்வரை அங்கே 597 குழந்தைகள் பிறந்தன.

எல்லை கடந்து போருக்குள் செல்பவனிடம் ஆண்டவர் என்ன கேட்பார் என்று அறுதியிட்டுச் சொல்ல நான் துணியேன். போருக்குத் தப்பி வந்து நம் வாசலில் நிற்பவரைச் சேர்த்துக்கொண்டோமா என்று நம்மிடம் கேட்பார் என்பதை அறிவேன். இவ்வாரம் நம் குடும்ப ஜெபத்தில், எல்லைகளில் காத்துநிற்கும் தாய்மாரை நினைவுகூருவோம்.