திமிங்கலத்தால் பேர் வாங்கிய நிருபர்

சில நிருபர்கள் போர்முனைக்குப் போய்ப் பேர் வாங்குவார்கள். சிலர் ஊழலைக் கிளறிப் பேர் வாங்குவார்கள். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த பால் லின்மன், செத்து நாறிக்கொண்டிருந்த ஒரு திமிங்கலத்தால் பேர் வாங்கினார்!

அமெரிக்காவில் பெரிய நகரம் ஒவ்வொன்றுக்கும் சொந்தமாகத் தொலைக்காட்சி நிலையங்கள் உண்டு. கொலை, விபத்து, மாநகராட்சி எல்லாம் சொல்லி முடித்தபின் சிரிக்கவைக்கும் துணுக்கு ஒன்றும் வரும். போர்ட்லாண்டின் கே.ஏ.டி.யூ நிலையத்தில் லின்மன் அப்படிப்பட்ட செய்திகளுக்குப் பேர் போனவர். ஆனால் அவரை உலகம் அறிந்தது 1970 நவம்பர் 12 அன்று நடந்த ஒரே கூத்தால்தான்.

ஃப்ளாரன்ஸ் என்ற சிற்றூர் அருகே 45 அடி நீளமும் 8 டன் எடையும் உள்ள ஸ்பெர்ம் திமிங்கலம் ஒன்று கரை ஒதுங்கியது. அப்போது ஆரிகன் கடற்கரைகள் நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் இருந்தன. சாலை போடுகிறவர்களிடம் திமிங்கலத்தைக் கொடுத்தால் என்ன செய்வார்கள்? பாறையை உடைப்பதுபோல வெடி வைக்க முடிவு செய்தார்கள். புதைத்தால் அலை தோண்டிவிடும், வெட்டுவதற்கோ நாற்றத்தில் ஆள் வரமாட்டார்கள் என்பது அவர்கள் வாதம். சிதறும் துண்டுகளைக் கடற்பறவைகள் தின்றுவிடுமாம்.

அரை டன் டைனமைட், 20 பெட்டிகள்! வேடிக்கை பார்க்க வந்தவர்களில் வெடிமருந்துப் பயிற்சி பெற்ற ஒருவர், இவ்வளவு வேண்டாம் என்று எச்சரித்ததாகச் சொல்வதுண்டு. பொறுப்பில் இருந்த பொறியாளர் ஜார்ஜ் தார்ன்டன், லின்மனின் கேமராவுக்கு முன்னாலேயே, வேலை நிச்சயம் முடியும், எவ்வளவு மருந்து வேண்டும் என்பதுதான் சரியாகத் தெரியவில்லை என்றார். (இந்தப் பதிலை எந்த நிருபர்தான் விடுவார்!)

வெடித்தது. கூட்டம் முதலில் ஆரவாரம் செய்தது. அடுத்த நொடி வானத்திலிருந்து கொழுப்புக் கட்டிகள் விழ ஆரம்பித்தன. கால் மைல் தள்ளி நின்ற காரின் கூரை ஒரே துண்டில் நசுங்கியது. எச்சரித்த அதே மனிதரின் கார்தான் அது! நல்ல வேளை, யாருக்கும் காயமில்லை. திமிங்கலத்தின் பெரும்பகுதி இருந்த இடத்திலேயே கிடந்தது. விருந்துக்கு வரவேண்டிய பறவைகளைக் காணோம். கடைசியில் மிச்சத்தைப் புதைத்தார்கள்.

இத்தனையையும் லின்மன் சிரிக்காமல் சொன்னார் என்பதே அந்தச் செய்தியின் உயிர். முகத்தில் சலனமில்லை, குரல் சாதாரண செய்திக் குரல். வெடித்த காட்சிக்கு மட்டும் 'ப' ஓசையில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களை அடுக்கினார். நம் இலக்கணத்தில் மோனை என்போமே, அதுதான்! வேடிக்கையாக ஆரம்பித்தது உயிர் தப்ப ஓடுவதில் முடிந்தது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். ஒளிப்பதிவாளர் டக் பிரேசிலின் பங்கு இதில் பாதி என்பேன்.

பிறகு செய்தி இருபது வருடம் தூங்கியது. 1990ல் நகைச்சுவைக் கட்டுரையாளர் டேவ் பேரி இதைப் பற்றி எழுதினார். அந்தக் கட்டுரை அவர் பெயரும் தேதியும் இல்லாமல் கணினி வலைகளில் சுற்றியது. படித்தவர்கள் நேற்று நடந்தது என்று நினைத்து நெடுஞ்சாலைத் துறைக்குப் போன் போட்டார்கள்! லின்மனும் 2003ல் இதைத் தலைப்பாக்கித் தன் செய்தி அனுபவங்களைப் புத்தகமாக்கினார். கே.ஈ.எக்ஸ் வானொலியிலும் பணியாற்றினார்.

எனக்குக் கொஞ்சம் உறுத்துவது தார்ன்டன் விஷயம். 1990களின் நடுவில் லின்மன் அவரைத் தொடர்புகொண்டபோதும், வேலை வெற்றிதான், பத்திரிகைக்காரர்கள்தான் கெடுத்தார்கள் என்ற எண்ணத்திலேயே அவர் இருந்தார். அவருக்கு வேலை போகவில்லை, பதவி உயர்வுதான் கிடைத்தது. என்றாலும் ஒரு மனிதனின் வாழ்நாள் உழைப்பில் ஒரு மதியம் மட்டும் உலகத்துக்குத் தெரிவது கொடுமைதான். லின்மன் பொய் சேர்க்கவில்லை என்பதால் அவரையும் குறை சொல்ல மனம் வரவில்லை.

1979ல் அதே ஃப்ளாரன்ஸ் அருகே 41 திமிங்கலங்கள் கரை ஒதுங்கின. அவற்றை எரித்துப் புதைத்தார்கள். டைனமைட் பக்கம் யாரும் போகவில்லை. 2020ல் ஊர் மக்கள் வாக்களித்து ஒரு பூங்காவுக்கு வைத்த பெயர்: வெடித்த திமிங்கல நினைவுப் பூங்கா.